முதியோர் பராமரிப்பில் பணிவிடையின் விலை: திருவரங்கம், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முதியோர் இல்லத்தில் வாழும் உறவினருக்கான மாதக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பது திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற நகரங்களில் இன்று பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் வினாவாகும். இக்கட்டுரை முதியோர் பராமரிப்பை உறையுள், உணவு, பணிவிடை என மூன்று கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் செலவும் வரலாற்றில் யார்மீது சுமத்தப்பட்டது என ஆராய்கிறது. இடைக்காலக் கோயில் அறக்கொடைகள் பணிவிடைக்குத் தனியே ஊதியம் வகுத்தன. காலனியக் காலத்து இந்துச் சட்டமும் அதன்வழி வந்த இன்றைய பராமரிப்புச் சட்டங்களும் அதனைக் குடும்பக் கடமைக்குள் கரைத்தன. கட்டண இல்லங்கள் அதனை விலையுள்ள உழைப்பாக மீண்டும் வெளிப்படுத்தியுள்ளன. இல்லக் கட்டணம் குறித்த இன்றைய பிணக்குகளுக்குப் பிள்ளைகளின் மனப்போக்கு மட்டும் காரணமன்று. பணிவிடையைக் கணக்கில் கொள்ளாத சட்ட வரையறையும் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: முதியோர் இல்லம், பணிவிடை, ஆரோக்கியசாலை, ஜீவிதம், ஜீவனாம்சம், திருவரங்கம், 2007ஆம் ஆண்டுச் சட்டம்.

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கம், முதுமையைக் கழிப்பதற்குரிய ஊராக நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. அரங்கன் திருவடியில் இறுதிநாள்களைக் கழித்தல் பேறு என்னும் வைணவ நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். உத்தர வீதி, சித்திரை வீதி எனக் கோயிலைச் சுற்றி அமைந்த தெருக்களில் நடந்தே வழிபாட்டுக்குச் செல்லும் வாய்ப்பும், ஆற்றுத் துறையின் அண்மையும் பிற காரணங்கள். பணி ஓய்வு பெற்றோரும், பிள்ளைகள் அயலூரிலோ அயல்நாட்டிலோ வாழும் பெற்றோரும் இங்கு வந்து குடியேறுவது இன்றும் தொடர்கிறது. அவர்களை நம்பி அடுக்கு வீடுகளும், வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தரும் சமையற்கூடங்களும், கட்டணம் பெறும் முதியோர் இல்லங்களும் இவ்வட்டாரத்தில் பெருகியுள்ளன.

இவ்வளர்ச்சிக்கு மக்கள்தொகைப் பின்புலம் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. 2031இல் தமிழ்நாட்டின் பங்கு 18.2 விழுக்காடாகும் என அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு கூறுகிறது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் கருவள வீதம் 1.8 ஆகும். ஒரு முதியவரின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்பதே இவ்வெண்களின் பொருள்.

முதியோர் இல்லங்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அறச்சீற்றத்தின் மொழியில் அமைந்தவை. கூட்டுக்குடும்பம் சிதைந்தது, பிள்ளைகள் கைவிட்டனர் என்னும் இரண்டு தொடர்களுக்குள் வரலாறு அடங்கிவிடுகிறது. செலவுக் கணக்கைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு புலப்படும். முதியவருக்குத் தங்க இடம் வேண்டும், உணவு வேண்டும், உடல் தளர்ந்தபின் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் இரவில் எழுப்பி நீர் தரவும் ஒருவர் வேண்டும். இம்மூன்றாவது கூறே இக்கட்டுரையில் பணிவிடை எனப்படுகிறது. முதல் இரண்டும் பொருள்கள். அவற்றை ஒருமுறை அளந்து வைத்துவிட இயலும். பணிவிடையோ இன்னொரு மனிதரின் பொழுது. உடல் தளரத் தளர அதன் அளவு கூடும்.

கோயில் அறக்கொடையில் பணிவிடை

முதியோர் இல்லம் என்னும் தனி நிறுவனம் இடைக்காலத் தமிழகத்தில் இருந்ததாகக் கொள்வதற்கில்லை. எனினும் உறவினர் அல்லாதவர் உடல்நலம் குன்றியவரைப் பார்த்துக்கொள்வதும், அதற்குரிய செலவை ஓர் அறக்கொடை ஏற்பதும் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. ஆதுலர் சாலை, ஆரோக்கியசாலை என அவை பெயர் பெற்றன. தஞ்சையில் இருந்த ஆதுலர் சாலைக்காகக் குந்தவை நாச்சியார் மருத்துவக்காணியாக நிலம் அளித்தார். அச்சாலை அவர் தந்தையின் பெயரால் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என வழங்கியது.

திருவரங்கம் கோயிலிலும் ஆரோக்கியசாலை இருந்தது. ஹொய்சள மன்னன் இராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், அது ஏற்படுத்தப்பட்டதைக் கல்வெட்டு வழி அறிகிறோம். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் திருவரங்கம் பேரழிவைச் சந்தித்தது; 1371இல்தான் அரங்கனின் திருமேனி மீண்டும் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த கருடவாகன பட்டரின் கல்வெட்டு, ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததையும் தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்ததையும் கூறுகிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் வழிபாட்டில் உள்ளது; ஆரோக்கியசாலை நினைவாக மட்டுமே எஞ்சியது. கோயில்சார் நிறுவனம் ஒன்றில் தெய்வத்துக்குரிய பகுதி நிலைத்து, மனிதப் பணிக்குரிய பகுதி மறைந்துபோனதற்கு இது சான்றாகும்.

இத்தகைய சாலைகளில் யாருக்கு எவ்வளவு ஊதியம் என்பதை விரிவாகக் காட்டும் ஆவணம் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த திருமுக்கூடல் கல்வெட்டாகும். முதலாம் வீரராசேந்திரன் காலத்து இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையைப் பற்றிப் பேசுகிறது. நோயாளருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி வகுக்கப்பட்டது. மருத்துவருக்கு நாளுக்கு 3 குறுணி வீதம் ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை செய்பவருக்கு நாளுக்கு ஒரு குறுணி வீதம் 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவருவோர் இருவருக்குத் தலைக்கு ஒரு குறுணி. நோயாளரைக் கவனித்து மருந்து தரும் பெண்கள் இருவருக்குத் தலைக்கு 4 நாழி, அதாவது ஆண்டுக்கு 15 கலம்.

இப்பட்டியல் இரண்டு உண்மைகளைத் தருகிறது. முதலாவது, பணிவிடை தனித்தொழிலாக எண்ணப்பட்டு அதற்கெனத் தனி நெல் ஒதுக்கப்பட்டது. உணவுச் செலவுக்குள் அது மறைக்கப்படவில்லை. இரண்டாவது, அதன் மதிப்பு மிகக் குறைவு. 8 நாழி ஒரு குறுணி என்னும் அளவைப்படி, நோயாளர் அருகில் இருந்த பெண்ணின் ஊதியம் மருத்துவர் ஊதியத்தில் ஆறில் ஒரு பங்கு. விறகும் மூலிகையும் சுமந்தவர் ஊதியத்தில் பாதி. பணிவிடை பெண்ணின் வேலை, அது மலிவான வேலை என்னும் கருத்து 11ஆம் நூற்றாண்டிலேயே நெல்லளவாகப் பதிவாகிவிட்டது.

இவ்வறக்கொடைகளை இன்றைய பொதுநல நிறுவனங்களோடு ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. திருமுக்கூடல் சாலை அங்கிருந்த கல்விச்சாலை மாணாக்கருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது. ஊரார் அனைவருக்கும் உரியதன்று. ஆயினும் செலவை ஈட்டும் முறையில் அது கருதத்தக்கது. இடைக்காலக் கொடைகள் முதலை அழியாது வைத்து, விளைவைக் கொண்டு செலவை நடத்தின. கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு எனக் குறிக்கின்றன. இறப்பனவற்றைப் பிறப்பனவற்றால் ஈடுசெய்து, எண்ணிக்கை குறையாது காப்பது இடையரின் பொறுப்பு. முதல் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. அதனால் விளக்கு எரியும். முதுமைப் பராமரிப்பில் இந்நிலை தலைகீழாகிறது. பராமரிக்கப்படுபவர் மூக்கிறார், செலவு வளர்கிறது, முதலோ பெரும்பாலும் கரைகிறது. இன்றைய இல்லக் கட்டணச் சிக்கலின் பொருளியல் இதுவே.

ஜீவிதமும் ஜீவனாம்சமும்

கல்வெட்டுகளில் ஜீவிதம் என்னும் சொல் பணி செய்பவர் பெறும் ஊதியத்தையும் அதற்காக விடப்பட்ட நிலத்தையும் குறிக்கும். பிற்காலச் சட்ட வழக்கில் நிலைபெற்ற ஜீவனாம்சம் என்னும் சொல்லோ, ஒருவரைச் சார்ந்து வாழ்பவர் பெறும் பங்கைக் குறிக்கும். முன்னது செய்பவரின் உரிமை. பின்னது பெறுபவரின் உரிமை. இவ்விரு சொற்களுக்கும் இடையே நேர்ந்த நகர்வில் முதியோர் பராமரிப்பின் சட்ட வரலாறு அடங்கியுள்ளது.

அந்நகர்வுக்கு நிருவாகமும் துணைசெய்தது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ஒழுங்குமுறை, கோயில்களோடு சத்திரங்களையும் பிற பொது அறங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டு 20ஆம் சட்டம் சமயஞ்சார் அறநிலையங்களை அரசின் பொறுப்பிலிருந்து விடுவித்தது. வழிபாடு ஒருபுறமும் பொது அறம் மறுபுறமும் பிரிந்தன. நோய் தீர்ப்பது அரசு மருத்துவமனையின் பணியாயிற்று. வழிப்போக்கருக்கு உணவளிப்பது சத்திரத்தின் பணியாக நீடித்தது. தீராத நோயாகிய முதுமை இரண்டுக்கும் வெளியே நின்றது. அதன் இடம் வீடு எனக் கொள்ளப்பட்டது.

காலனிய நீதிமன்றங்கள் மிதாட்சர நெறியைப் பின்பற்றி, மூத்த பெற்றோரைக் காப்பது மகனின் தனிப்பட்ட கடமை என்றும், மூதாதையர் சொத்து இல்லாதபோதும் அக்கடமை உண்டு என்றும் கொண்டன. பிற உறவினரைக் காக்கும் கடமை, கையிலுள்ள குடும்பச் சொத்தைப் பொறுத்தது. அன்னவஸ்திரம் என்னும் ஆவணச்சொல் இக்கடமையின் எல்லையைத் தெளிவாகக் காட்டும். சோறும் துணியும் அதில் உண்டு. ஊட்டிவிடும் கை அதில் இல்லை. அக்கை மருமகளுடையதாகவோ வீட்டில் வாழ்ந்த கைம்பெண்ணுடையதாகவோ இருந்தது. அவர்கள் பெற்றதும் அன்னவஸ்திரமே. பணிவிடை செய்பவரும் பெறுபவரும் ஒரே சட்டச் சொல்லுக்குள் அடங்கியதால், அவ்வேலைக்கு விலை உண்டு என்பதே மறைந்தது.

1956ஆம் ஆண்டு இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டம் இக்கடமையை எழுத்தில் வடித்தது. அதன் 20ஆம் பிரிவு, மூத்த அல்லது உடல் தளர்ந்த பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. பெற்றோர் தம் வருவாயாலோ சொத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாத அளவுக்கே அக்கடமை உண்டு. பராமரிப்பு என்பது உணவு, உடை, உறையுள், கல்வி, மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை என 3ஆம் பிரிவு வரையறுத்தது. தொகையை முடிவுசெய்கையில், கோருபவர் தனித்து வாழ்ந்தால் அதற்குத் தக்க காரணம் உண்டா என்பதையும் நீதிமன்றம் நோக்கவேண்டும் என்றது 23ஆம் பிரிவு. பெற்றோர் பிள்ளையோடு வாழ்வதே இயல்பு என்னும் முற்கோள் இதில் வெளிப்படை.

குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதே வழியில் மெல்ல நகர்ந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டுமே பராமரிப்புத் தொகை அளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவே பெற்றோரைச் சேர்த்தது. மாதம் 500 ரூபாய் என்னும் உச்சவரம்பும் அதில் இருந்தது. அவ்வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. மணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவள் என உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 1989 முதல் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்ததோடு இத்தீர்ப்பைச் சேர்த்து எண்ணினால், கடமையும் சொத்தும் மகளை நோக்கி ஏறத்தாழ ஒரே காலத்தில் நகர்ந்தமை புலப்படும்.

வருவாயின் வேற்றுமை

கடமை பிள்ளைகளுடையதாயினும், திருச்சிராப்பள்ளி முதியோர் பலர் தம் செலவைத் தாமே ஏற்கும் நிலையில் உள்ளனர். இந்நகரின் தொழில் வரலாறு அதற்குக் காரணம். பொன்மலை இரயில்வே பணிமனை 1928இல் தொடங்கியது. இரயில்வே ஊழியர்க்கு 1957இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அத்திட்டத்தின்கீழ் ஓய்வு பெற்றவருக்கு விலைவாசியோடு உயரும் மாத வருவாய் உண்டு. அவர் மறைவுக்குப்பின் துணைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. திருவெறும்பூரில் 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் தொடக்ககாலத் தொழிலாளரோ, பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் பெரிதும் சார்ந்தவர்கள். 1995இல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாயாகும். மொத்தத் தொகை வீடாகவும் மகள் திருமணமாகவும் மகன் கல்வியாகவும் மாறிவிடுவது இயல்பு. ஒரே நகரில், ஒத்த உழைப்பில் வாழ்ந்த இருவரில் ஒருவர் 85ஆம் வயதில் இல்லக் கட்டணம் செலுத்த வல்லவராகவும் மற்றவர் பிள்ளையின் கையை எதிர்நோக்குபவராகவும் ஆவதற்கு ஓய்வூதிய விதியே காரணமாகிறது.

இவ்விரு வகையிலும் சேராதோர் மிகுதி. உழவரும் கூலித் தொழிலாளரும் சிறு வணிகரும் அரசின் முதியோர் உதவித்தொகையை நம்பியுள்ளனர். தமிழ்நாட்டில் அத்திட்டம் 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 1995இல் நடுவண் அரசின் திட்டம் சேர்ந்தது. மாநிலத்தில் இன்று அத்தொகை 1,200 ரூபாய். அரிசியும் மருந்தும் வாங்க உதவும் இத்தொகை, பணிவிடைக்கு ஒருவரை அமர்த்த எவ்வகையிலும் போதாது.

2007ஆம் ஆண்டுச் சட்டமும் மாதக் கட்டணமும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007இல் நிறைவேறியது. தமிழ்நாடு அதற்கான விதிகளை 2009இல் வகுத்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மனுவை விசாரிக்கும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் செல்லும். மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் பிள்ளைகள் என்னும் வரையறைக்குள் வருவர். பிள்ளையற்ற முதியவரின் சொத்தை வைத்திருப்பவரோ, அதனை மரபுரிமையாகப் பெறவிருப்பவரோ உறவினர் எனப்படுவார். ஆணையை மீறுவோர்க்கு ஒரு மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு.

இல்லக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களுக்கு இச்சட்டத்தின் நான்கு கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, வரையறை. பராமரிப்பு என்பது உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை ஆகியவற்றை உள்ளடக்கும் என்கிறது சட்டம். 1956ஆம் ஆண்டின் பட்டியலே ஏறத்தாழ மீண்டும் வருகிறது; பணிவிடை இங்கும் பெயர் சுட்டப்படவில்லை. எனினும் 23ஆம் பிரிவு, சொத்தை எழுதிவைத்தபின் அடிப்படை வசதிகளையும் அடிப்படை உடல் தேவைகளையும் பெறுபவர் நிறைவேற்றவில்லையெனில் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம் என்கிறது. உடல் தேவை என்னும் தொடர் சொத்து கைமாறும் இடத்தில் மட்டும் தோன்றுவது கருதத்தக்கது. எழுதிவைக்கச் சொத்துள்ளவருக்கே பணிவிடையைக் கோரும் சட்டக் கருவி கிட்டுகிறது. அப்பிரிவைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் அளித்த தீர்ப்பு அக்கருவியைக் கூர்மையாக்கியுள்ளது.

இரண்டாவது, உச்சவரம்பு. 9ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய தொகை மாதம் 10,000 ரூபாயை மிகக்கூடாது. இதனோடு வரிச் சட்டத்தின் ஓர் எண்ணை ஒப்பிடலாம். அரசோ பதிவுபெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயது நிறைந்தவரிடம் உறையுள், உணவு, பேணுதல் அனைத்துக்கும் மாதம் 25,000 ரூபாய் வரை பெறும் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து 2018இல் விலக்கு அளிக்கப்பட்டது. அறநோக்குடைய இல்லம்கூட 25,000 ரூபாய் வரை பெறக்கூடும் என்பதை அரசின் ஒரு துறை ஏற்கிறது. அதில் 10,000 ரூபாயை மட்டுமே பிள்ளையிடம் கோரலாம் என்கிறது மற்றொரு சட்டம். 1,200 ரூபாய் உதவித்தொகை அளிக்கிறது இன்னொரு துறை. மூன்று எண்களும் ஒரே முதியவரைப் பற்றியவை.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். தாயின் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய். நடமாடும் நிலையில் இல்லக் கட்டணம் 22,000 ரூபாய் எனக் கொள்வோம். பற்றாக்குறை 13,000 ரூபாய். தீர்ப்பாயம் முழு வரம்பையும் விதித்தாலும் 3,000 ரூபாய் எஞ்சும். அவர் படுக்கையில் வீழ்ந்து, பகலுக்கு ஒருவரும் இரவுக்கு ஒருவருமாகப் பணிவிடையாளர் தேவைப்பட்டுக் கட்டணம் 35,000 ரூபாயானால், பற்றாக்குறை 26,000 ரூபாயாகும். தீர்ப்பாயத்தின் வரம்போ மாறாது. உணவும் உறையுளும் இருமடங்காகவில்லை. கூடியது பணிவிடை மட்டுமே. சட்டம் காணாத அக்கூறே செலவை உயர்த்துகிறது.

மூன்றாவது, பங்கீடு. பிள்ளையற்ற முதியவருக்கு உறவினர் பலர் இருந்தால், மரபுரிமையாகப் பெறவிருக்கும் சொத்தின் விகிதத்தில் அவர்கள் தொகையைச் செலுத்தவேண்டும் எனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பிள்ளைகளுக்கு அத்தகைய விகிதம் வகுக்கப்படவில்லை. ஒருவர்மீது மனு அளிக்கப்பட்டால், அவர் பிறரையும் வழக்கில் சேர்க்கக் கோரலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. உடன்பிறந்தாரிடையே எழும் பூசல்களுக்கு இவ்விடைவெளி இடமளிக்கிறது. வருவாய்க்கேற்பப் பகிர்வதா, சமமாகப் பகிர்வதா, வீட்டைப் பெற்றவர் மிகுதியாகத் தருவதா, பல்லாண்டு உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளின் உழைப்பைக் கழிப்பதா என்னும் வினாக்களுக்கு விடையை ஒவ்வொரு குடும்பமும் தானே தேடவேண்டியுள்ளது. இறுதி வினாவே மிகக் கடினமானது. அவ்வுழைப்புக்கு ஒருபோதும் விலையிடப்படாததால், இல்லக் கட்டணம் வரும் நாளில் அதனைக் கழித்துக்கொள்ள எண் எதுவும் இல்லை.

நான்காவது, எல்லை. இந்தியாவுக்கு வெளியே வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என முதற்பிரிவு கூறுகிறது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பிள்ளையை அச்சொற்கள் தொடவில்லை. திருவரங்கத்துப் பெற்றோர் பலரின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழ்வதால் இங்கு இது ஏட்டளவு வினாவன்று. நடைமுறையில் இல்லங்கள் வேறொரு வழியை நாடுகின்றன. சேர்க்கையின்போதே முன்வைப்புத் தொகை பெறுவதும், கட்டணத்துக்குப் பொறுப்பேற்று ஒரு பிள்ளை கையொப்பமிடுவதும் வழக்கம். இதனால் சட்டத்தில் உரிமை பெற்றோருடையதாகவும், ஒப்பந்தத்தில் உரிமை இல்லத்துடையதாகவும் ஆகின்றன. கையொப்பமிட்ட ஒருவர் முழுத் தொகைக்கும் பொறுப்பாளர். கையொப்பமிடாத உடன்பிறந்தார் அறத்துக்கு மட்டுமே பொறுப்பாளர்.

அரசின் பங்கையும் இங்குக் குறிப்பிடவேண்டும். சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர்க்கு இடமளிக்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இவ்வில்லங்கள் குறித்து நடுவண் அரசு மாநிலங்களிடமிருந்து விவரம் திரட்டவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018இல் அசுவனி குமார் வழக்கில் பணித்தது. ஆனால் வறியவர் என்னும் வரையறைக்குள் வராத, தனியார் இல்லக் கட்டணத்தையும் தாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்கள் இவ்வேற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன.

பிற நாடுகளின் வழிகள்

பிள்ளைகளின் கடமையைச் சட்டமாக்கியது இந்தியா மட்டுமன்று. இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் வறிய பெற்றோரைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கு விதித்தது. 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டம் அதனை நீக்கி, இல்லத்தில் வாழ்பவர் தம் வசதிக்கேற்பச் செலுத்த, எஞ்சியதை உள்ளாட்சி ஏற்கும் முறையைக் கொணர்ந்தது. செருமனியில் பிள்ளைகளின் கடமை நீடிக்கிறது. ஆயினும் 2020 முதல் ஆண்டு வருவாய் 1,00,000 யூரோவைக் கடந்த பிள்ளையிடமே சமூக நலத்துறை இல்லச் செலவைத் திரும்பக் கோரும். தமிழர் வாழும் சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. இந்தியச் சட்டத்துக்கு அது பன்னிரண்டு ஆண்டு முந்தியது. பிள்ளையின் பங்குக்கு எல்லை வகுத்த ஐரோப்பிய நாடுகள், எல்லைக்கு அப்பாற்பட்ட செலவை யார் ஏற்பது என்பதையும் சேர்த்தே வகுத்தன. இந்தியச் சட்டமோ உச்சவரம்பை விதித்து, அதற்கு மேற்பட்ட செலவைப் பற்றிப் பேசாது விட்டது.

இக்குறையை அரசு ஓரளவு உணர்ந்தது என்பதற்கு 2019 திசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்ட திருத்த முன்வரைவு சான்றாகும். அது 10,000 ரூபாய் வரம்பை நீக்கவும், மருமகன், மருமகளையும் கடமைக்குள் கொணரவும், இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு முகமைகளையும் பதிவுசெய்யவும் முனைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பணியை ஒரு சேவையாகப் பெயரிட்டு ஏற்றமை அதன் புதுமை. 17ஆம் மக்களவையின் காலம் முடிந்தபோது அம்முன்வரைவும் காலாவதியாயிற்று.

முடிவுரை

திருவரங்கம், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தைக் கொண்டு நோக்கும்போது, முதியோர் பராமரிப்பின் செலவு வரலாறு மூன்று நிலைகளைக் கொண்டது. அறக்கொடைக் காலத்தில் பணிவிடைக்கு மலிவான, ஆனால் வெளிப்படையான விலை இருந்தது. குடும்பச் சட்டக் காலத்தில் அது கடமையாகக் கரைந்தது. அச்சுமை வீட்டுப் பெண்கள்மீது ஊதியமின்றி விழுந்தது. கட்டண இல்லங்களின் காலத்தில் அவ்விலை மாதச் சீட்டில் மீண்டும் எழுதப்படுகிறது. அச்சீட்டைக் கண்டு குடும்பங்கள் திகைப்பது, அதுவரை அவ்வேலை விலையின்றி நடந்ததால்தான்.

எனவே முதியோர் இல்லத்தைக் கைவிடுதலின் அடையாளமாக மட்டும் வாசிக்கும் போக்கு மறுபரிசீலனைக்குரியது. மாதந்தோறும் கட்டணம் அனுப்பும் மகளும், அதனைப் பகிர மறுக்கும் உடன்பிறந்தாரும், தம் ஓய்வூதியத்தால் தமக்குத் தாமே செலுத்தும் முதியவரும் ஒரே நிறுவனத்துக்குள் உள்ளனர். அவர்களை வேறுபடுத்திக் காண்பதற்குக் கணக்கே கருவி. சட்ட வரையறையில் பணிவிடை தனித்தலைப்பாக இடம்பெறுதல், வரம்பு உண்மைக் கட்டணத்தோடு இணைதல், பிள்ளைகளுக்கிடையே பங்கீட்டு நெறி வகுக்கப்படுதல், வீட்டில் பார்த்துக்கொண்டவரின் உழைப்பு அப்பங்கீட்டில் எண்ணப்படுதல் ஆகிய நான்கும் இவ்வாய்விலிருந்து எழும் தேவைகள். இல்லங்களில் இரவும் பகலும் பணிவிடை செய்வோரின் ஊதியம், 4 நாழி நெல்லுக்கும் 3 குறுணி நெல்லுக்கும் இடையிலிருந்த பழைய தொலைவை எவ்வளவு கடந்துள்ளது என்பது தனியே ஆராயத்தக்கது.